கூகுள் பேட்டன்ட்ஸ்: தேட அருமை, தேதியை மட்டும் பார்த்து எடுங்கள்

மரபு மருத்துவமும் காப்புரிமையும்தான் என் முனைவர் பட்ட ஆய்வு. மூன்று வருடமாக, காப்புரிமை ஆவணங்களைத் தேடித் தரும் தளமான கூகுள் பேட்டன்ட்ஸ் இல்லாமல் ஒரு நாளும் போனதில்லை. கட்டணம் கிடையாது, கணக்கு தொடங்கத் தேவையில்லை, மூல ஆவணத்தின் பி.டி.எஃப். உடனே கிடைக்கும். தேடுவதற்கு இதைத்தான் எல்லோருக்கும் சொல்வேன்.

ஆனால் மேற்கோளுக்கு அந்தப் பக்கத்தை அப்படியே நம்பி எடுக்கக் கூடாது. மஞ்சளால் காயம் ஆற்றும் முறைக்கு அமெரிக்கா கொடுத்த காப்புரிமையையே பாருங்கள். எண் 5,401,504. தேடல் முடிவில் முதலில் கண்ணில் படுவது முன்னுரிமைத் தேதி (கண்டுபிடிப்பு புதியதா என்று பார்க்கக் கணக்கில் எடுக்கும் நாள்), 1993 டிசம்பர் 28. நான் அதையே ஆய்வேட்டில் எழுதிவிட்டேன். நெறியாளர் பென்சிலால் வட்டம் போட்டுத் திருப்பித் தந்தார். ஏ.பி.ஏ. என்ற மேற்கோள் முறைக்கு வேண்டியது காப்புரிமை வழங்கப்பட்ட ஆண்டு, அதாவது 1995. சிகாகோ முறை என்றால் விண்ணப்பித்த தேதி, வழங்கிய தேதி இரண்டையும் கேட்கும்.

அதனால் பி.டி.எஃப்.பின் முதல் பக்கத்தைத் திறந்துவிடுங்கள். வலது மேல் மூலையில் அடைப்புக்குறிக்குள் 45 என்று இருக்கும். பக்கத்திலேயே 1995 மார்ச் 28. அதுதான் வழங்கிய தேதி. 22 என்று இருப்பது விண்ணப்பித்த தேதி. 75-இல் கண்டுபிடித்தவர்கள், 73-இல் உரிமை பெற்ற நிறுவனம். ஆசிரியர் இடத்தில் 75-இல் உள்ள பெயர்கள்தான் வர வேண்டும்.

எண்ணுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் எழுத்தையும் கவனியுங்கள். 2001-க்குப் பிந்தைய அமெரிக்க ஆவணத்தில் ஏ1 என்றிருந்தால் அது வெளியிடப்பட்ட விண்ணப்பம் மட்டுமே. பி1, பி2 என்றிருந்தால்தான் வழங்கப்பட்ட காப்புரிமை. விண்ணப்பத்தைக் காப்புரிமை என்று எழுதினால் வாதமே தப்பாகிவிடும். இந்தத் தப்பை அச்சான கட்டுரைகளிலேயே பார்த்திருக்கிறேன், மனசு வலிக்கிறது.

மேற்கோள் மென்பொருள் ஒன்று இந்தப் பக்கத்தை வெறும் இணையப் பக்கமாகச் சேமித்து, கண்டுபிடித்தவர்கள் பெயரையே விட்டுவிட்டது. அப்புறம் எல்லாவற்றையும் கையால் நிரப்பினேன். ஒன்றுக்கு ஐந்து நிமிடம்தான்.

இன்னொன்று. இந்தியாவின் அறிவியல், தொழில் ஆராய்ச்சி மன்றமான சி.எஸ்.ஐ.ஆர். எதிர்த்ததால் 1997-இல் மஞ்சள் காப்புரிமையின் உரிமைகோரல்கள் நிராகரிக்கப்பட்டன. மேற்கோள் எவ்வளவு சரியாக இருந்தாலும் அதில் இது தெரியாது. அதனால் அடிக்குறிப்பில் ஒரு வரி தனியாகச் சேர்த்தேன். அந்த வரிக்கு நெறியாளர் வட்டம் போடவில்லை.