டெஸ்ட் மேனேஜ்மென்ட் டூல் வாங்கப் போகிறீர்களா? முதலில் எக்ஸ்போர்ட் செய்து பாருங்கள்

சாஃப்ட்வேர் சோதனைகளையும் அவற்றின் முடிவுகளையும் பதிந்து வைக்கும் டெஸ்ட் மேனேஜ்மென்ட் டூல் ஒன்றுக்குப் பணம் கட்டப் போகிறவர்கள், கையெழுத்துப் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள். இரண்டு வருடம் ஒரு டூலில் மாட்டிக்கொண்டு போன மாதம்தான் வெளியே வந்தோம். முழுசாக வரவில்லை, எங்கள் வேலையில் ஒரு பகுதி அங்கேயே போய்விட்டது. நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை, பணத் தகராறு இன்னும் முடியாததால்.

எங்கள் டீமில் 9 டெஸ்டர்கள். சுமார் 4,300 டெஸ்ட் கேஸ்கள் (எதை எப்படிச் சோதிக்க வேண்டும், என்ன முடிவு வர வேண்டும் என்ற குறிப்புகள்), எல்லாம் எக்செல் ஷீட்டில். ஒரே ஷீட்டை இரண்டு பேர் தனித்தனியாகத் திருத்தி வைத்திருந்ததில், ஒரு ரிலீஸுக்குப் பழைய கேஸ்களையே ஓட்டிவிட்டோம். அப்போதுதான் டூல் வாங்கியே ஆக வேண்டும் என்று முடிவானது.

முதலில் டெஸ்ட்லிங்க் என்ற டூலைப் பார்த்தோம். இலவசம், ஓப்பன் சோர்ஸ், நம் சர்வரிலேயே வைத்துக்கொள்ளலாம். சர்வரைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று விட்டுவிட்டோம். டீமின் வேலைகளையும் பிழைகளையும் பதியும் ஜிராவுக்குள்ளேயே ஓடும் எக்ஸ்ரே, ஸெஃபிர் போன்றவற்றில் கணக்கே வேறு. ஜிரா கிளவுடில் ஒரு ஆப் சேர்த்தால், அதைத் தொடாதவர்களையும் சேர்த்து ஜிராவில் இருக்கும் எல்லா யூசர்களுக்கும் கட்டணம் வரும். 9 பேருக்காக 140 பேருக்குக் கட்ட மனம் வரவில்லை. அதனால் தனி டூல் விற்கும் நிறுவனத்திடம் போனோம்.

டெமோ அருமையாக இருந்தது. அவர்களுடைய மாதிரி புராஜெக்ட்டில் 40 கேஸ்கள், கிளிக் செய்தால் உடனே திறந்தது. "டெவலப்பர்கள் பார்க்க மட்டும்தானே போகிறார்கள், அவர்களுக்கு லைசென்ஸ் தேவையில்லை சார்" என்றார் விற்பனையாளர். "உங்கள் எக்செல் ஷீட்டுகளை நாங்களே ஏற்றித் தருகிறோம்" என்றும் சொன்னார். இரண்டும் போனில் சொன்னவை. மெயிலில் ஒரு வரி கேட்டு வாங்கியிருக்க வேண்டும், வாங்கவில்லை. 14 நாள் ட்ரயலில் நாங்கள் ஏற்றிப் பார்த்ததும் 50 கேஸ்கள்தான், அதுவும் ஒழுங்காக எழுதியவற்றை மட்டும்.

பணம் கட்டியதும், ஷீட்டுகளை ஏற்றித் தருவது தனிக் கட்டணச் சேவை என்றார்கள். நாங்களே உட்கார்ந்தோம். எங்கள் ஷீட்டில் ஒரு கேஸின் எல்லா ஸ்டெப்புகளும் ஒரே செல்லில், வரி வரியாக இருக்கும். அந்த டூலுக்கு ஒரு ஸ்டெப்புக்கு ஒரு வரிசை வேண்டும். மூன்று டெஸ்டர்கள் ஐந்து வாரம் இதை மட்டும் செய்தார்கள். ஏற்றி முடித்ததும் ரிக்ரெஷன் ஃபோல்டரை (பழைய வசதிகள் கெட்டுப்போகவில்லையா என்று பார்க்கும் கேஸ்கள்) திறக்கவே அரை நிமிடம் ஆனது. டிக்கெட் போட்டால் "ரோட்மேப்பில் இருக்கிறது", அதாவது பின்னால் செய்வோம் என்ற பதில்தான் வந்தது, இரண்டு வருடமும்.

ஆட்டோமேஷன் ரிசல்ட்டை, அதாவது தானாக ஓடும் டெஸ்டுகளின் முடிவை, ஜேயூனிட் எக்ஸ்எம்எல் என்ற வடிவக் கோப்பாகப் பெரும்பாலான டெஸ்ட் ஃபிரேம்வொர்க்குகளால் தர முடியும், அதை ஏபிஐ (ஒரு மென்பொருள் இன்னொன்றோடு நேரடியாகப் பேசும் வழி) மூலம் டூலுக்குள் அனுப்பிவிடலாம் என்று நினைத்திருந்தோம். நாங்கள் வாங்கிய பிளானில் ஏபிஐ இல்லை, அது வேண்டுமென்றால் அடுத்த உயர் பிளானுக்குப் போக வேண்டுமாம். அப்புறம் லைசென்ஸ். ஒரு டெவலப்பர் தோல்வியடைந்த கேஸில் ஒரு கமென்ட் போட்டார். கமென்ட் போட்டால் அவர் பார்வையாளர் இல்லை, முழு யூசர். இப்படிச் சேர்ந்து சேர்ந்து இரண்டாம் வருடம் பில் இரண்டு மடங்கானது.

இதோடு போதும், வெளியே போகலாம் என்று எல்லாவற்றையும் கோப்பாக எக்ஸ்போர்ட் செய்தபோதுதான் உண்மையான அடி விழுந்தது.

ஒரு கேஸை மட்டும் சொல்கிறேன். ஐந்து முறை தவறான பாஸ்வேர்ட் போட்டால் கணக்கு பூட்டப்பட வேண்டும், 30 நிமிடம் கழித்துத் தானே திறக்க வேண்டும். டூலுக்குள் அது 11 ஸ்டெப், ஒவ்வொன்றுக்கும் தனி எக்ஸ்பெக்டட் ரிசல்ட் (வர வேண்டிய முடிவு). வெளியே வந்த சிஎஸ்வியில் (எக்செலில் திறக்கும் எளிய அட்டவணைக் கோப்பு) 11 ஸ்டெப்பும் ஒரே செல்லில் ஒட்டிக்கொண்டு கிடந்தன. எக்ஸ்பெக்டட் ரிசல்ட்டுகள் பக்கத்து செல்லில் ஒரு குவியலாக இருந்தன, எந்த ரிசல்ட் எந்த ஸ்டெப்புக்கு என்று பிரிக்க வழியில்லை. லாகின் செய்வதை ஒருமுறை எழுதிப் பல கேஸ்களில் பயன்படுத்தும் பொது ஸ்டெப்பாக வைத்திருந்தோம். அது இருந்த இடத்தில் வெறும் ஒரு எண். ஸ்கிரீன்ஷாட்டுகளுக்குப் பதில் லிங்குகள், அவையும் அவர்கள் சர்வரையே காட்டின. சந்தா முடிந்தால் அவையும் போச்சு.

அதைவிட வலித்தது டெஸ்ட் ரன் வரலாறு. எந்த பில்டில் (சாஃப்ட்வேரின் எந்தப் பதிப்பில்), யார், எந்த தேதியில் ஓட்டினார்கள், பாஸா ஃபெயிலா என்ற இரண்டு வருடப் பதிவு அது. ஆடிட்டில் முதலில் கேட்பது அதைத்தான். எக்ஸ்போர்ட்டில் ஒவ்வொரு கேஸுக்கும் கடைசி ரிசல்ட் ஒன்று மட்டும் வந்தது. மற்றதை ரன் வாரியாக பிடிஎஃப் எடுத்துக்கொள்ளலாம் என்றது சப்போர்ட். 380 ரன்களை ஒவ்வொன்றாகத் திறந்து பிடிஎஃப் எடுத்தோம்.

புதுப்பித்தலிலும் மாட்டினோம். வேண்டாம் என்றால் சந்தா முடிய 60 நாள் முன்பே எழுதித் தர வேண்டும் என்று ஒரு விதி இருந்திருக்கிறது. கோட்டேஷனில் இல்லை, அதன் கீழே லிங்காகக் கொடுத்திருந்த நிபந்தனைகளில் இருந்தது. நாங்கள் 41 நாள் முன்பு எழுதினோம். அடுத்த வருடத்துக்கான இன்வாய்ஸ் வந்துவிட்டது. தகராறு இதைப் பற்றித்தான்.

நான் இப்போது ஒரு டூலைப் பார்த்தால் ட்ரயலின் முதல் நாளே நம்மிடம் இருப்பதிலேயே மோசமான 200 கேஸ்களை ஏற்றுவேன். நீளமானவை, படம் ஒட்டியவை, பொது ஸ்டெப் உள்ளவை, ஆங்கிலம் அல்லாத எழுத்து உள்ளவை. சிஎஸ்வியின் என்கோடிங் (எழுத்துகளைச் சேமிக்கும் முறை) சரியில்லை என்றால் எக்செலில் திறக்கும்போது அந்த எழுத்தெல்லாம் குப்பையாகிவிடும். மூன்று ரன் ஓட்டி, நடுவில் ஒரு கேஸைத் திருத்தி, எல்லாவற்றையும் எக்ஸ்போர்ட் செய்வேன். பிறகு காலியான புராஜெக்ட் ஒன்றில் அதே கோப்பை மறுபடி ஏற்றிப் பார்ப்பேன். தான் கொடுத்த கோப்பைத் தானே சரியாகப் படிக்காத டூல் வேண்டவே வேண்டாம். யார் முழு யூசர், ஏபிஐ எந்த பிளானில், சந்தா முடிந்த பிறகு டேட்டா எத்தனை நாள் இருக்கும், புதுப்பிக்க வேண்டாம் என்றால் எப்போது சொல்ல வேண்டும், இந்த நான்குக்கும் மெயிலில் பதில் வரும்வரை பணம் கட்ட மாட்டேன். வேகத்தையும் நம் முழு எண்ணிக்கையை ஏற்றித்தான் பார்க்க வேண்டும்.

எங்களிடம் மொத்தம் 212 பொது ஸ்டெப்புகள் இருந்தன. சந்தா முடியும் முன் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தார் டீமில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண். யாரும் சொல்லாமல் அவரே செய்தது. அதைப் பார்த்து இன்று வரை 140 ஸ்டெப்புகளைத் திரும்பத் தட்டச்சு செய்திருக்கிறோம்.