எட்டாம் கிரேடு பியானோ: பாக்கா, ஸ்கார்லாட்டியா?

ஏபிஆர்எஸ்எம் என்ற பிரிட்டிஷ் இசைத் தேர்வு வாரியத்தின் எட்டாம் கிரேடு நேர்முகத் தேர்வில் மூன்று உருப்படிகள். ஒவ்வொன்றுக்கும் 30 மதிப்பெண், மற்றப் பகுதிகளும் சேர்ந்து தேர்வு மொத்தம் 150. முதல் உருப்படிக்கு மகள் முன் இருந்தவை இரண்டு: பாக்கின் பிரெலூடும் (முன்னிசை) ஃபியூகும், இல்லையென்றால் ஸ்கார்லாட்டியின் சொனாட்டா. இருவரும் 1685இல் பிறந்த இசையமைப்பாளர்கள். ஒற்றுமை அதோடு சரி.

ஃபியூகில் குரல் என்றால் சேர்ந்தே ஓடும் தனித்தனி இசை வரி. ஒரு குரல் சின்ன மெட்டு ஒன்றைத் தொடங்கும், அடுத்த குரல் அதையே வேறு சுருதியில் எடுத்துக்கொள்ளும். நம் கச்சேரியில் பாடகர் விட்ட இடத்தை வயலின் பிடிக்குமே, அதுபோல என்று நினைத்தேன். இல்லை, இங்கே முதல் ஆள் நிறுத்துவதே இல்லை! இடது கைக் கட்டைவிரல் ஒரு கணம் முந்தி எழுந்தால் நடுக்குரல் அறுந்துவிடும். மகள் ஒரு குரலை வாயால் பாடிக்கொண்டே மற்றதை வாசித்துப் பழகினாள். நான்கு வரிக்கு ஒரு வாரம்.

ஸ்கார்லாட்டி அப்படியில்லை. கை தாண்டல், தாவல், ஒரே கட்டையைப் படபடவென்று தட்டுவது. தவறினாலும் சமாளித்து ஓடிவிடலாம். ஆனால் சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் வீட்டில் இருப்பது அப்ரைட், அதாவது சுவரோரம் நிமிர்ந்து நிற்கும் பியானோ. அதில் கட்டை கிட்டத்தட்ட முழுதாக மேலே வந்தால்தான் மறுபடி ஒலிக்கும். கம்பிகள் கிடையாக இருக்கும் பெரிய கிராண்ட் பியானோவில் பாதியிலேயே ஒலிக்கும். அதனால் ஸ்டூடியோவில் மணிக்கணக்கில் கிராண்டை வாடகைக்கு எடுக்க வேண்டிவரும்.

ஓ லெவல் பள்ளித் தேர்வு வருடமென்றால் ஸ்கார்லாட்டிதான் என்பேன். மகளுக்கு ஆறு மாதம் கையில் இருந்தது, பாக்கை எடுத்தாள். இப்போது பாத்திரம் கழுவும்போதுகூட நடுக்குரலைத்தான் முணுமுணுக்கிறாள்.