சமயப் பல்கலைக்கழக முதுகலை: முன்பணம் கட்டும் முன் எந்த எண்ணைப் பார்ப்பது

சபை வாசலில் ஒரு துண்டறிக்கை கைக்கு வருகிறது. “கிறிஸ்தவ ஆலோசனையியலில் முதுகலை. 6 மாதம். சனிக்கிழமை மட்டும் வகுப்பு. அரசுப் பதிவு பெற்றது. சர்வதேச அங்கீகாரம் உண்டு.” தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் இதற்குக் கிறிஸ்தவ முகம். வேறிடத்தில் வேதம், யோகம் என்று வேறு முகம். கொடுப்பவர் பாஸ்டராகவோ சங்கத்துப் பெரியவராகவோ இருப்பார். அவர் முகத்துக்காகவே யாரும் மேற்கொண்டு விசாரிப்பதில்லை.

அதன்பின் நடப்பது ஏறக்குறைய ஒரே வரிசைதான். முன்பணம், வாட்ஸ்அப் குழு, ஸ்கேன் செய்த பழைய புத்தகங்கள், கேள்வித்தாளை வீட்டுக்கே அனுப்பும் தேர்வு, வாடகை மண்டபத்தில் அங்கியும் தொப்பியும் போட்டுப் பட்டமளிப்பு. குடும்பமே வந்து படம் எடுத்துக்கொள்ளும். பிறகு ஒரு நாள் வேலை கொடுப்பவர் சான்றிதழைச் சரிபார்ப்புக்கு அனுப்புவார். பதில் ஒரு வரியில் வரும்: இந்தத் தகுதி பதிவில் இல்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது அன்றுதான் தெரியும்.

இந்த வியாபாரத்தில் காட்டப்படும் காகிதங்கள் பெரும்பாலும் போலி அல்ல, உண்மையானவை. ஆனால் அவை வேறு எதற்கோ சான்று. ஏமாற்று முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

முதலில் பதிவு எண். “நாங்கள் அரசில் பதிவு செய்தவர்கள்” என்று காட்டும் எண் ஆண்டில் தொடங்கி, நடுவில் ஆறு இலக்கம் வந்து, 07 அல்லது 08 என்று முடிந்தால் அது நிறுவனப் பதிவு அலுவலகம் தந்த எண். 07 தனியார் கம்பெனி, 08 இலாப நோக்கற்ற கம்பெனி. முடிதிருத்தும் கடைக்கும் அதே வகை எண்தான். உயர்கல்வித் துறை தரும் எண் வேறு மாதிரி இருக்கும்: ஆண்டு, சாய்கோடு, ‘எச்இ07’ அல்லது ‘எச்இ08’, சாய்கோடு, மூன்று இலக்கம். இரண்டிலும் 07, 08 வருவதால் கண் ஏமாறிவிடும். நடுவில் அந்த ஆங்கில எச், இ எழுத்துகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். 1997ஆம் ஆண்டின் 101ஆம் எண் உயர்கல்விச் சட்டப்படி பதிவு பெற்ற தனியார் நிறுவனம் தன் விளம்பரத்தில் இந்த எண்ணைச் சொல்லியே பிள்ளைகளைச் சேர்க்கும். எண் இல்லாத துண்டறிக்கையே ஒரு பதில்தான்.

சமூக வளர்ச்சித் துறை தொண்டு அமைப்புகளுக்குத் தரும் என்.பி.ஓ. எண், வருமான வரித் துறையின் நன்கொடை விலக்குக் கடிதம் ஆகியவற்றையும் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருப்பார்கள். இவை தர்ம காரியத்துக்கானவை, பட்டத்துக்கு அல்ல. “செட்டா அங்கீகாரம் உண்டு” என்பது இன்னொன்று. செட்டா என்பது தொழில்துறைப் பயிற்சிக்கான அமைப்பு, அது தொழிற்பயிற்சிப் பக்கத்துக் கதை. ஆனர்ஸ், முதுகலை, முனைவர் மூன்றுக்கும் தர அங்கீகாரம் தருவது உயர்கல்வி மன்றம், அதாவது சி.எச்.இ. மட்டுமே. காவல் நிலையத்தில் போட்ட முத்திரைக்கு, நகலும் மூலமும் ஒன்றுபோல் இருக்கின்றன என்பதற்கு மேல் பொருள் கிடையாது. மூலமே செல்லாததானால் நகலும் செல்லாதது. வெளிநாட்டுச் சான்றிதழில் தங்க நிறத்தில் ஒட்டிய அப்போஸ்டில் என்ற அரசுச் சான்று கையெழுத்தையும் முத்திரையையும் மட்டும் உறுதி செய்கிறது. சில சமயம் அந்தக் கையெழுத்து பல்கலைக்கழகத்தினுடையதுகூட இல்லை, நகலுக்குச் சாட்சி போட்ட நோட்டரியுடையது.

‘பல்கலைக்கழகம்’ என்ற பெயருக்கும் வருவோம். இந்த நாட்டில் யாரும் நினைத்தபடி பலகையில் எழுதிக்கொள்ளக்கூடிய சொல் அல்ல அது. 2016ஆம் ஆண்டின் 9ஆம் எண் திருத்தச் சட்டம் தனியாருக்கும் அந்தப் பெயர் கிடைக்க வழி திறந்தது. ஆனாலும் அந்தத் தகுதி அரசு தர வேண்டும், தானே சூட்டிக்கொள்ள முடியாது. நேர்மையாக நடக்கும் இறையியல் நிறுவனங்கள் பல ‘கல்லூரி’, ‘செமினரி’ என்ற பெயரிலேயே முறையான முதுகலை தந்து வந்திருக்கின்றன. ஆக, பலகையில் பெயர் பெரிதாக இருந்தால் சந்தேகமும் பெரிதாக இருக்கட்டும்.

சரிபார்க்க மூன்று இடம். மூன்றும் இணையத்தில் இருக்கின்றன, காசு கிடையாது, அரை மணி நேரம் போதும்.

உயர்கல்வித் துறை வெளியிடும் தனியார் உயர்கல்வி நிறுவனப் பதிவேட்டைத் திறந்து, நிறுவனத்தின் பெயரை எழுத்துக்கு எழுத்து தேடுங்கள். பதிவு பெற்ற ஒன்றின் பெயரில் ஒரு சொல்லை மட்டும் மாற்றி வைத்துக்கொள்வது பழைய தந்திரம். பெயர் இருந்தால் மட்டும் போதாது. உங்கள் படிப்பின் பெயர் அந்த நிறுவனத்துக்குக் கீழே இருக்க வேண்டும். இளங்கலைக்கு மட்டும் பதிவு வாங்கிவிட்டு, அதே கட்டடத்தில் முதுகலையும் முனைவரும் நடத்துவோர் உண்டு. எந்த ஊர் வளாகம், நேர்வகுப்பா தொலைதூரமா என்பதையும் பாருங்கள். ஜொகானஸ்பர்க் வளாகத்துக்குக் கிடைத்த அனுமதி டர்பனில் ஒரு சபைக்கூடத்துக்குத் தானாக வந்து சேராது. பதிவு ரத்தானவற்றின் பட்டியலும் அங்கேயே இருக்கும், அதையும் ஒருமுறை புரட்டுங்கள்.

அடுத்து, சி.எச்.இ. அந்தப் படிப்புக்கு அங்கீகாரம் தந்திருக்கிறதா என்று பாருங்கள். “விண்ணப்பித்திருக்கிறோம், கடிதம் வந்துவிடும்” என்ற பதிலுக்கு ஒரு ரேண்டும் கட்ட வேண்டாம். கடிதம் வந்தபிறகு சேர்ந்துகொள்ளலாம், பட்டம் எங்கும் ஓடிப்போகாது.

மூன்றாவது சாக்வா, அதாவது தென்னாப்பிரிக்கத் தகுதிகள் ஆணையம். பதிவான ஒவ்வொரு தகுதிக்கும் அங்கே ஓர் அடையாள எண் உண்டு. அந்தப் பக்கத்தில் என்.கியூ.எஃப். எனும் தேசியத் தகுதிச் சட்டகத்தில் அதன் நிலையும் கிரெடிட்டும் இருக்கும். ஆனர்ஸ் 8, முதுகலை 9, முனைவர் 10. பலரும் கவனிக்காத இன்னொரு வரியும் உண்டு: சேர்க்கைக்கான கடைசித் தேதி. அந்தத் தேதி கடந்திருந்தால் எண் உண்மையாக இருந்தும் பயனில்லை. பழைய மாணவர்கள் முடித்து வெளியேறுவதற்காகவே அந்தத் தகுதியைப் பதிவில் விட்டுவைத்திருக்கிறார்கள். புதிதாகச் சேர்பவருக்கு அந்தக் கதவு மூடியாயிற்று. “சாக்வா எண் இருக்கிறதே” என்று வாதிடும் முகவர்கள் இந்த வரியை மட்டும் காட்ட மாட்டார்கள்.

கணக்குப் போட்டாலே சில விளம்பரங்கள் உதிர்ந்துவிடும். ஒரு கிரெடிட் என்பது 10 மணி நேர உழைப்பு. வகுப்பு, வாசிப்பு, எழுத்து எல்லாம் அதில் அடக்கம். முதுகலைக்குக் குறைந்தது 180 கிரெடிட், அதாவது 1,800 மணி நேரம். 6 மாதத்தில் முடிப்பதென்றால் வாரத்துக்கு 69 மணி நேரம் படிக்க வேண்டும். பகலில் வேலைக்குப் போய்ச் சனிக்கிழமை மட்டும் வகுப்புக்கு வருபவருக்கு இது நடக்கிற காரியமா? முனைவருக்கு 360 கிரெடிட், 3,600 மணி நேரம். வகுப்பும் குறு ஆய்வேடும் சேர்ந்த முதுகலையில் ஆய்வுக்கு மட்டுமே குறைந்தது 60 கிரெடிட் ஒதுக்க வேண்டும். ஆய்வேடே இல்லாத பொது முதுகலை என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்துவிடலாம்.

“இருபது வருடம் ஊழியம் செய்திருக்கிறீர்கள், அந்த அனுபவத்துக்கே டாக்டர் பட்டம் தருகிறோம்” என்பதும் அப்படித்தான். முன்னனுபவத்தை அங்கீகரிக்கும் முறை உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் அது ஒரு படிப்புக்குள் நுழைய வழி விடுவது, படிப்பையே கையில் கொடுப்பதல்ல. சி.எச்.இ.யின் 2016 கொள்கைப்படி ஒரு வகுப்பில் சேர்பவர்களில் 10 விழுக்காட்டுக்கு மேல் அந்த வழியில் எடுக்கக் கூடாது. பழைய படிப்பிலிருந்து கிரெடிட் மாற்றுவதற்கும் பாதிதான் எல்லை. கௌரவ டாக்டர் பட்டமோ தகுதியே அல்ல, மரியாதை. அந்த மரியாதைக்கு ‘நன்கொடை’ என்று விலை வைத்தால் வாங்குவது வேறு ஏதோ. மேடையில் பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ போட்டு அழைப்பதை ரசிக்கும் ஊர் நாம் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் பெயரில் வருபவை தனி ரகம். ஃபுளோரிடா மாநிலத்தில் சமயக் கல்லூரிகளுக்கு உரிமம் பெறுவதிலிருந்து சட்டப்படியே விலக்கு உண்டு. பட்டத்தின் பெயரில் சமயத்தைக் குறிக்கும் சொல் இருக்க வேண்டும் என்பது அதற்கு ஒரு நிபந்தனை. ஆகவே “அமெரிக்கச் சட்டப்படி நடக்கிறோம்” என்பது பொய்யாகாது. ஆனால் உரிமத்திலிருந்து விலக்கு என்பது தர அங்கீகாரம் அல்ல. வெளிநாட்டுப் பட்டத்தைச் சாக்வா மதிப்பிடும்போது, அந்த நிறுவனம் தன் நாட்டில் முறைப்படி அங்கீகாரம் பெற்றதா என்றுதான் பார்க்கும். அமெரிக்கக் கல்வித் துறையின் அங்கீகாரத் தரவுத்தளத்தில் பெயரைத் தேடுங்கள். அங்கீகாரம் தந்ததாகச் சொல்லும் ‘உலக மன்றம்’ எது என்றும் தேடுங்கள். கல்லூரி நடத்துபவரே அந்த மன்றத்துக்கும் தலைவராக இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். இந்தியப் பெயரோடு வந்தால் பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் பட்டியல், போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலையும் யு.ஜி.சி.யே வெளியிடுகிறது.

ஆலோசனையியல் படிப்பில் சேரும் பெண்கள் ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ‘உளவியலாளர்’ என்று பலகை மாட்ட, சுகாதாரத் தொழிலர் மன்றமான எச்.பி.சி.எஸ்.ஏ.யின் பதிவு வேண்டும். அந்தப் பதிவு அந்த மன்றம் ஏற்ற உளவியல் படிப்புக்கும் மேற்பார்வையில் செய்த பயிற்சிக்கும்தான் கிடைக்கும். சமய ஆலோசனை முதுகலை, அது முறையான அங்கீகாரம் பெற்றதாகவே இருந்தாலும், அந்தக் கதவைத் திறக்காது. சபையில் ஊழியத்துக்கு நல்லது, தொழிலுக்கு வேறு பாதை. இதைச் சேர்க்கை நேரத்தில் வாயால் மழுப்புவார்கள். எழுத்தில் கேளுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்தோ மொரீஷியஸிலிருந்தோ படிக்க வருபவருக்கு இழப்பு இன்னும் பெரிது. பதிவில்லாத நிறுவனத்தின் சேர்க்கைக் கடிதத்தை வைத்து மாணவர் விசா கேட்டால் கட்டணமும் போகும், விசாவும் வராது.

சரி, எல்லாப் பதிவும் ஒழுங்காக உள்ள சமய நிறுவனம்தான். அங்கேயும் முதுநிலை மாணவர்கள் சிக்கும் இடங்கள் உண்டு. முதலாவது வழிகாட்டி. பாடவேலை முடிந்தபின் வழிகாட்டி இல்லாமல் மாதக்கணக்கில் காத்திருப்பது, ஆண்டு புரண்டதும் தொடர்பதிவுக் கட்டணம் மறுபடி கேட்பது. யார் வழிகாட்டி, அவர் அங்கே நிரந்தரமா, ஒரே நேரத்தில் எத்தனை பேரைப் பார்க்கிறார், அனுப்பிய இயலை எத்தனை நாளில் திருத்தித் தருவார் என்று கையெழுத்திட்ட உடன்படிக்கை கேளுங்கள். தாமதம் அவர்கள் பக்கமானால் தொடர்பதிவுக் கட்டணம் யார் தலையில் என்பதும் அதில் இருக்கட்டும்.

இரண்டாவது, ஆய்வு நெறிக்குழு அனுமதி. சபை மக்களைப் பேட்டி எடுக்கும் ஆய்வுதான் இங்கே அதிகம். அனுமதிக் கடிதம் வரும் முன் எடுத்த பேட்டி ஒன்றும் ஆய்வேட்டில் ஏறாது. “பாஸ்டர் சம்மதித்தார்” என்பது நெறிக்குழு அனுமதி ஆகாது. மறுபடி முதலிலிருந்து எடுக்க வேண்டிவரும்.

மூன்றாவது, விசுவாச அறிக்கை, அதாவது நிறுவனத்தின் சமயக் கொள்கையை ஏற்கிறேன் என்று எழுதிக் கொடுப்பது. சேரும்போது கையெழுத்து வாங்கும் தாள்களில் ஒழுக்க விதியும் இருக்கும்; ஆண்டுதோறும் பாஸ்டரின் பரிந்துரைக் கடிதம் கேட்பவர்களும் உண்டு. சபை மாறினாலோ பாஸ்டரோடு மனத்தாங்கல் வந்தாலோ அந்தக் கடிதம் நின்றுவிடும், கடிதம் நின்றால் பதிவும் நிற்கும். கட்டிய பணம் என்ன ஆகும் என்பது அந்தத் தாளிலேயே பொடி எழுத்தில் இருக்கும். கையெழுத்துக்கு முன் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படியுங்கள். கொடுக்க மறுத்தால் அதுவும் ஒரு தகவல்தான்.

ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் கையெழுத்தும் முத்திரையும் உள்ள மதிப்பெண் பதிவேட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சிறு நிறுவனம் திடீரென மூடினால் வேறிடத்தில் கிரெடிட் கேட்க அது ஒன்றே கையில் இருக்கும்.

ஏற்கெனவே பணம் கட்டியாயிற்று என்றால் முதலில் வங்கிக்குப் போய், கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் டெபிட் ஆர்டரை நிறுத்துங்கள். துண்டறிக்கை, ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, குரல்பதிவு எதையும் அழிக்காமல் வேறு இடத்திலும் ஏற்றி வையுங்கள். குழுவிலிருந்து நீக்கும் முன்பே செய்துவிடுங்கள், நீக்குவார்கள். பிறகு பணத்தைத் திருப்பிக் கேட்டு 14 நாள் கெடு வைத்து எழுத்தில் ஒரு கடிதம். பதில் இல்லையென்றால் சிறு உரிமை நீதிமன்றம். அங்கே 20,000 ரேண்ட் வரை கேட்கலாம், வழக்கறிஞர் இரு பக்கத்துக்கும் கிடையாது. தொகை அதற்கு மேலானால் மிச்சத்தை விட்டுக்கொடுத்துவிட்டு அங்கேயே போவதா, மாஜிஸ்திரேட் நீதிமன்றமா என்று குமாஸ்தாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வெட்கப்பட்டுத் தள்ளிப்போட வேண்டாம். கடன் கோரிக்கைக்குப் பொதுவான காலவரம்பு மூன்று ஆண்டுதான்.

உயர்கல்வித் துறைக்கும் எழுதுங்கள். அதிகாரமில்லாமல் உயர்கல்வி நடத்துவதும் பட்டம் தருவதும் உயர்கல்விச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் குற்றம், மோசடிக்குரிய தண்டனை அதற்கும் உண்டு. காவல் நிலையத்தில் “இது கொடுக்கல் வாங்கல் தகராறு” என்று திருப்பி அனுப்பப் பார்த்தால் அந்தப் பிரிவு எண்ணைச் சொல்லுங்கள்.

கையில் இருக்கும் அந்தச் சான்றிதழை வேலை விண்ணப்பத்தில் மட்டும் சேர்க்காதீர்கள். செல்லாது என்று தெரிந்த பிறகும் தகுதியாகக் காட்டினால் ஏமாந்தவரே ஏமாற்றியவர் ஆகிவிடுவார். 2019ஆம் ஆண்டின் 12ஆம் எண் தேசியத் தகுதிச் சட்டகத் திருத்தச் சட்டத்தில் அதற்கு 5 ஆண்டு வரை சிறை எழுதியிருக்கிறது.