தார் ராக்ஸ், ஜிம்னி, கூர்க்கா: காட்டுப் பாதைக்கு எது?

மஹிந்திராவின் மூன்று கதவு ஜீப் வகை வண்டியான தாரில் ஐந்து கதவு எப்போது வரும் என்று காத்திருந்தவர்களுக்காக 2024 ஆகஸ்டில் மஹிந்திரா தார் ராக்ஸ் வந்தது. பின்சீட்டில் ஏறி இறங்கும் சிரமம் போய்விட்டது. சாமான் வைக்கவும் தாராளமான இடம். இந்தியாவின் பாரத் என்கேப் மோதல் பாதுகாப்புச் சோதனையில் ஐந்து நட்சத்திரமும் வாங்கியிருக்கிறது. குடும்பத்துக்கான வண்டி என்ற வகையில் எனக்கு இதில் குறையே தெரியவில்லை. ஆனால் சேறும் பாறையும் ஏறத்தான் வாங்குகிறேன் என்பவர், மாருதி ஜிம்னியையும் ஃபோர்ஸ் கூர்க்காவையும் ஓட்டிப் பார்க்காமல் முன்பணம் கட்டிவிட வேண்டாம்.

முக்கியமான விஷயம், ராக்ஸில் ஃபோர் வீல் டிரைவ் டீசலுக்கு மட்டும்தான். பெட்ரோல் வண்டியில் பின்சக்கரங்கள் மட்டுமே இழுக்கும். தோற்றம் ஒன்றேதான் என்பதால் இதைக் கவனிக்காமல் விட்டுவிடுவது சுலபம். ஜிம்னியிலும் கூர்க்காவிலும் அந்தக் குழப்பம் இல்லை. எதை எடுத்தாலும் நான்கு சக்கர இழுவையும், மெதுவாகப் போய் அதிக பலத்தோடு ஏற உதவும் லோ ரேஞ்ச் கியரும் உண்டு.

காட்டுப் பாதையில் குதிரைத் திறனைவிட ஒரு கேள்விதான் பெரியது: ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் என்ன ஆகும்? இரு பக்கச் சக்கரங்களுக்கும் இழுவையைப் பிரித்துத் தரும் சாதாரண டிஃபரன்ஷியலில் பிடிமானம் இல்லாத சக்கரம் சும்மா சுழலும், தரையில் இருப்பது அசையாது. ஜிம்னி இதற்கு பிரேக்கை நம்புகிறது. சுழலும் சக்கரத்தைப் பிடித்து, மறுபக்கத்துக்கு இழுவையைத் தள்ளுகிறது. வேலை நடக்கும், ஆனால் ஒரு கணம் பொறுத்துத்தான் நடக்கும். ராக்ஸில் பின் ஆக்சிலுக்கு, அதாவது பின்சக்கரங்களின் அச்சுக்கு, மின்னணு லாக் இருக்கிறது. பட்டனை அழுத்தினால் பின்சக்கரம் இரண்டும் ஒன்றாகச் சுற்றும். (நீங்கள் எடுக்கும் வேரியண்டில் அது இருக்கிறதா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.) கூர்க்கா இன்னும் ஒரு படி மேலே. முன்னும் பின்னும் லாக் உண்டு.

ஆக்சில் அமைப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஜிம்னியில் முன்பக்கமும் ஒரே கட்டையான ஆக்சில். ஒரு சக்கரத்தைப் பாறை மேலே தள்ளினால், மறு சக்கரம் கீழே அழுந்தித் தரையைப் பிடிக்கும். அதனால் லாக் இல்லாத குறை பாதி தீர்ந்துவிடுகிறது. ராக்ஸின் முன்சக்கரங்கள் தனித்தனியாக இயங்குபவை. நெடுஞ்சாலையில் அது சுகம், குறுக்கும் நெடுக்குமான பள்ளங்களில் சக்கரம் சீக்கிரம் தூக்கிக்கொள்ளும்.

அப்புறம் உருவம். ராக்ஸின் அகலம் 1870 மி.மீ., ஜிம்னியின் அகலம் 1645. முக்கால் அடி வித்தியாசம்! இரண்டு பக்கமும் முள்ளும் பாறையும் நெருங்கும் ஒற்றையடித் தடத்தில் அந்த முக்கால் அடிதான் எல்லாம். ஜிம்னியின் எடையும் சுமார் 1200 கிலோதான். மணலிலும் ஈரச் சேற்றிலும் லேசான வண்டி புதையாமல் மேலே மேலே போய்விடும். கனமான ராக்ஸ் அங்கே டீசலின் பலத்தை நம்ப வேண்டும். அந்த பலம் குறைவில்லை: ஆட்டோமேட்டிக்கில் 175 குதிரைத் திறன், 370 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை. முகப்புக் கோணம் 41.7 டிகிரி, செங்குத்தான ஏற்றத்தில் பம்பர் இடிக்காது. 650 மி.மீ. ஆழத் தண்ணீரையும் தாண்டும். ஆனால் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே உள்ள தூரம் (வீல்பேஸ்) 2850 மி.மீ. என்பதால் வயிற்றுப் பகுதியின் கோணம் 23.9 டிகிரிதான். கூர்மையான மேட்டைக் கடக்கும்போது நடுப்பகுதி தட்டும் என்று எதிர்பார்த்தே ஓட்ட வேண்டும்.

ஜிம்னியின் பலவீனத்தையும் மறைக்கக் கூடாது. 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் சாலையில் முந்திச் செல்ல மூச்சு வாங்கும். ஆட்டோமேட்டிக்கில் நான்கே கியர். நான்கு பேர்தான் உட்காரலாம், பின்சீட்டை மடக்காவிட்டால் சாமானுக்கு 208 லிட்டர் இடம்.

கூர்க்காவில் 700 மி.மீ. தண்ணீர் தாண்டும் திறன், எஞ்சினுக்கு உயரத்திலிருந்து காற்று இழுக்கும் ஸ்நார்க்கல் குழாய், ஐந்து கதவு வண்டியில் ஏழு பேருக்கு இடம். ஆட்டோமேட்டிக் கிடையாது, உள்ளே சொகுசும் குறைவு.

வருடத்தில் இரண்டு மூன்று முறை மட்டும் தடம் இறங்கி, மற்ற நாளெல்லாம் குடும்பத்தோடு சாலையில் ஓடுபவருக்கு டீசல் ராக்ஸ்தான் சரி. ஒவ்வொரு வாரமும் குறுகலான தடத்தைத் தேடிப் போகிறவர், இரண்டு பேருக்கு மேல் ஏற்ற வேண்டியதில்லை என்றால், ஜிம்னியை எடுக்கட்டும். ஆற்றைக் கடந்து, ஆளும் சாமானும் ஏற்றிக்கொண்டு நாள் கணக்கில் உள்ளே போய் வருபவருக்கு கூர்க்கா. நான் இரண்டாவது வகை. என் ஓட்டு ஜிம்னிக்கு.