தாள்களா, விசாரணையா: ஓட்டிசமுள்ளவருக்கான பிப் மேன்முறையீட்டில் எதைத் தெரிவுசெய்வது?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிப் எனப்படும் மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவு மறுக்கப்பட்டாலோ குறைத்துத் தரப்பட்டாலோ, முடிவெடுத்த தொழில், ஓய்வூதியத் திணைக்களத்திடம் ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்க வேண்டும். அதிலும் பலன் இல்லையென்றால் அடுத்த ஒரு மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், அதற்குக் கட்டணம் இல்லை. இவ்வளவும் பெரும்பாலான பெற்றோருக்குத் தெரியும். எஸ்எஸ்சிஎஸ்1 என்ற மேன்முறையீட்டுப் படிவத்தில் வரும் ஒரு கேள்வியில்தான் பலர் தயங்குகிறார்கள்: விசாரணையில் பங்குபற்ற விரும்புகிறீர்களா, அல்லது அனுப்பிய தாள்களை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் போதுமா? வளர்ந்த எங்கள் மகனுக்காக, அவனுடைய கொடுப்பனவு விடயங்களைக் கவனிக்க அங்கீகரிக்கப்பட்டவர் என்ற முறையில், நான் தொலைபேசி விசாரணையைத் தெரிவுசெய்தேன். என்னைக் கேட்பவர்களுக்கும் விசாரணையையே சொல்வேன்.

தாள் வழியின் நன்மைகள் வெளிப்படையானவை. முன்பின் தெரியாத மூவர் கொண்ட தீர்ப்பாயக் குழுவின் முன்னிலையில் பேச வேண்டியதில்லை. நாள் குறித்துக் காத்திருக்கும் பதற்றம் இல்லை. முடிவும் பெரும்பாலும் சற்று விரைவாக வரும். கல்வி, சுகாதார, பராமரிப்புத் திட்டமும், உள்ளூராட்சிச் சபையின் பராமரிப்பு மதிப்பீடும், நோயறிதல் அறிக்கையும் ஒன்றோடொன்று பொருந்தி, அன்றாட வாழ்வில் யார் எதைச் செய்துகொடுக்கிறார்கள் என்பதையும் தெளிவாகக் கூறுமானால், தாள்களே போதுமானவையாக இருக்கக்கூடும். ஆனால் அப்படிப்பட்ட கோப்பு பலரிடம் இருப்பதில்லை. நோயறிதல் அறிக்கை ஒருவருக்கு ஓட்டிசம் உண்டு என்பதைச் சொல்லும். காலையில் அவரைக் குளியலறைக்குள் அனுப்ப எத்தனை தரம் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதை அது சொல்லாது.

பிப்பில் அன்றாடச் செயற்பாடுகள் ஒவ்வொன்றிலும் தேவைப்படும் உதவிக்கேற்பப் புள்ளிகள் தருவார்கள், அவற்றின் மொத்தமே கொடுப்பனவைத் தீர்மானிக்கும். என்னுடைய முடிவைத் தீர்மானித்தது ஒன்பதாவது செயற்பாடு, அதாவது மற்றவர்களுடன் நேருக்கு நேர் பழகுதல். இதில் தூண்டுதல் தேவைப்பட்டால் 2 புள்ளிகள், சமூகத் துணை தேவைப்பட்டால் 4 புள்ளிகள், மிகையான மனவுளைச்சலாலோ ஆபத்தான நடத்தையாலோ பழகவே முடியாவிட்டால் 8 புள்ளிகள். தூண்டுதலுக்கும் சமூகத் துணைக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைப் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் 2019 ஜூலையில், ஸ்கொட்லாந்திலிருந்து வந்த ஒரு வழக்கில் விளக்கியது. வெறும் ஊக்க வார்த்தையாக இருந்தாலும், அது பயிற்சி பெற்ற ஒருவரிடமிருந்தோ, இத்தகையவர்களுக்குத் துணைநின்ற அனுபவம் உள்ள ஒருவரிடமிருந்தோ வந்தால்தான் பயன் தரும் என்றால் அது சமூகத் துணையாகலாம். அந்த அனுபவம் உள்ளவர் தாயாகவோ தந்தையாகவோ நண்பராகவோ இருப்பதில் தடையில்லை. ஆகவே எல்லாம் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறது: அந்தத் துணையை ஏன் நீங்களே கொடுக்க வேண்டும், அயலவர் ஒருவர் கொடுத்தால் ஆகாதா?

2க்கும் 4க்கும் இடையிலுள்ள இந்த 2 புள்ளிகளின் கனம் கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும். எங்கள் மகனுக்குச் சமைப்பதில் மேற்பார்வை தேவை என்பதற்காக 4, குளிப்பதில் 2, உடுத்துவதில் 2, பழகுவதில் 2 என 10 புள்ளிகள் கிடைத்திருந்தன. அன்றாட வாழ்வுப் பகுதியில் 8 புள்ளிகளுக்குச் சாதாரண விகிதம், 12 புள்ளிகளுக்கு உயர் விகிதம். 2025 ஏப்ரலில் தொடங்கிய நிதியாண்டில் அவை வாரத்துக்கு முறையே 73.90 பவுண்களும் 110.40 பவுண்களுமாக இருந்தன. பழகுதலில் 4 கிடைத்தால் மொத்தம் 12 ஆகிவிடும்.

தாளில் நான் எழுதியிருந்தது, "புதியவர்களுடன் பேசும்போது நான் பக்கத்தில் இருக்க வேண்டும்" என்பதே. அதைப் படிப்பவர் 2 புள்ளிகள் கொடுத்தால் குறை சொல்ல முடியாது. விசாரணையில் குழுவிலிருந்த மருத்துவர் மகனிடம் தேநீர் விருப்பமா, கோப்பி விருப்பமா என்று கேட்டார். அவன் கோப்பி என்றான். அதே கேள்வியை மாற்றிக் கேட்டுப் பார்க்கும்படி நான் வேண்டினேன். கோப்பியா, தேநீரா என்று கேட்டதும் தேநீர் என்றான். அவன் இரண்டையுமே குடிப்பதில்லை. கடைசியாகக் காதில் விழுந்த சொல்லைத் திருப்பிச் சொல்வது அவன் வழக்கம். முன்பின் தெரியாதவர் அதை விடையென்று எடுத்துக்கொண்டு நடப்பார், சற்று நேரத்தில் அவன் காதைப் பொத்திக்கொள்வான், அதற்குக் காரணம் என்ன என்று அவருக்குத் தெரியாது. அதன் பிறகு, அவனோடு பழக்கமில்லாத ஒருவர் எங்கே தவறுவார் என்று மருத்துவர் என்னிடம் ஒவ்வொன்றாகக் கேட்க, வீட்டில் எழுத உட்கார்ந்தபோது எனக்குத் தோன்றவே தோன்றாத விடயங்களைச் சொன்னேன். 4 புள்ளிகள் கிடைத்தன.

ஓட்டிசமுள்ள பலர் கேள்வியைச் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொள்வார்கள். சமைக்கத் தெரியுமா என்றால் ஆம் என்பார்கள், அடுப்பை அணைக்க மறப்பதைச் சொல்ல மாட்டார்கள். ஒரு வேலையைப் பாதுகாப்பாகவும், ஏற்கத்தக்க தரத்திலும், தேவையான தடவைகளிலும், நியாயமான நேரத்துக்குள்ளும் செய்ய முடிய வேண்டும் என்பது சட்டம். அந்த "ஆம்" தாளில் அப்படியே நிற்கும். விசாரணையில் அதற்கு அடுத்த கேள்வி வரும்.

நம்மவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. தாள் வழியில் உங்கள் ஆங்கில எழுத்துத்தான் உங்களுக்காகப் பேச வேண்டும். விசாரணைக்கோ, படிவத்தில் கேட்டால் தீர்ப்பாயமே இலவசமாகத் தமிழ் மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்யும். உறவினர் அந்த வேலையைச் செய்ய முடியாது. பிள்ளையின் நிலையைத் தமிழில் நுணுக்கமாகச் சொல்லக்கூடிய எத்தனையோ தாய்மார், அதை ஆங்கிலத்தில் இரண்டு வரியில் எழுதி முடித்துவிடுகிறார்கள்.

அபாயம் இருக்கிறது. ஏற்கெனவே கிடைத்த புள்ளிகளையும் தீர்ப்பாயம் குறைக்கலாம், எந்த வழியில் போனாலும். விசாரணையில் இருந்தால் அப்படி நேரக்கூடும் என்று குழு முன்கூட்டியே எச்சரித்து, மேன்முறையீட்டைத் தொடர்வதா என்று யோசிக்க இடம் தருவது வழக்கம். இன்னொன்றும் நினைவில் இருக்க வேண்டும்: குழு பார்ப்பது திணைக்களம் முடிவெடுத்த நாளில் இருந்த நிலையைத்தான். அதன் பிறகு வந்த மாற்றங்களை இங்கே கொண்டுவர முடியாது. பின்னர் எழுதப்பட்ட கடிதமாயினும் அந்த நாளின் நிலையைப் பற்றிப் பேசினால் பயன்படும்.

தொலைபேசியா, காணொளியா, நேரிலா என்பதில் நான் உறுதியாகப் பேச மாட்டேன், ஏனென்றால் எனக்குப் பழக்கமானது தொலைபேசி மட்டுமே. மகன் தன் அறையில் இருந்தபடியே சற்று நேரம் பேசிவிட்டு எழுந்து போக முடிந்தது எங்களுக்கு வசதியாக இருந்தது. ஆனால் அவன் கைகளைத் தட்டிக்கொண்டு நடந்ததைக் குழு பார்க்கவில்லை, நான் வாயால் சொல்ல வேண்டியிருந்தது. அதிகம் பேசாத, உடல்மொழியில் எல்லாம் தெரியும் பிள்ளைகளுக்கு நேரில் போவது நல்லதாக இருக்கலாம். எதுவாயினும் இடைவேளை, மெதுவான கேள்விகள், அமைதியான காத்திருப்பு இடம் ஆகியவற்றை முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.

ஏற்கெனவே தாள் வழியைத் தெரிவுசெய்து அனுப்பியவர்கள், முடிவு வருவதற்கு முன்னர் தீர்ப்பாயத்துக்கு எழுதி விசாரணை வேண்டும் என்று கேட்கலாம். இரு தரப்பும் விசாரணை வேண்டாம் என்றிருந்தாலும், தாள்கள் போதாது என்று குழு கருதினால் அதுவாகவே விசாரணையை நடத்தவும் முடியும். அப்படி ஓர் அழைப்பு வந்தால் போகாமல் இருந்துவிடாதீர்கள்.