14416: இரவு இரண்டரை மணிக்கு நான் போட்ட ஃபோன்

எங்கள் பீரோ மேல் ஒரு துணிக்கடைப் பை இருக்கிறது. நான்கு ஈசிஜி, ஒரு எண்டோஸ்கோபி, இரண்டு முறை எடுத்த தைராய்டு ரிசல்ட், பாதி தீர்ந்த கேஸ் மாத்திரை அட்டைகள். எல்லாம் அப்பா இறந்த ஏழு மாதத்தில் சேர்ந்தவை. "நெஞ்சு படபடங்குது, உடம்பெல்லாம் எரியுது தாயி" என்பாள் அம்மா. போன இடத்தில் எல்லாம் "ஒண்ணுமில்ல" என்று அனுப்பினார்கள். அதைக் கேட்டுக்கேட்டு, தான் பொய் சொல்வதாக நாங்கள் நினைக்கிறோம் என்று அம்மா பயப்பட ஆரம்பித்துவிட்டாள்.

ராத்திரி முழுக்க அவள் முனகல். பக்கத்தில் படுத்திருக்கும் எனக்கும் தூக்கம் போனது, கோபம் வந்தது, அந்தக் கோபத்துக்காக அழுகை வந்தது. முதலில் நான் போனது காசு கட்டிப் பேசும் ஓர் ஆன்லைன் கவுன்சலிங்குக்கு. பெயர் வேண்டாம். 45 நிமிடத்துக்கு 900 ரூபாய். மூன்று முறை பேசினேன், மூன்றும் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் நின்று. எங்கள் வீட்டில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு பேச பாத்ரூமை விட்டால் வேறு இடம் இல்லை. அந்தப் பெண் கனிவாகத்தான் பேசினார். மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார், அது இன்றைக்கும் உதவுகிறது. ஆனால் திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னார்: உங்களுக்கென்று தனி நேரம், தனி இடம், அம்மாவுக்குத் தனி அறை, முடியாது என்று சொல்லிப் பழகுங்கள். புருஷனை இழந்து, மதுரையில் புது இடத்தில் பேச ஆளில்லாமல் தவிக்கிறவளைத் தனி அறையில் படுக்க வைத்தால் நான் எப்படித் தூங்குவேன்? மூன்றாவது முறைக்குப் பிறகு நிறுத்திவிட்டேன்.

ஒரு நாள் இரவு இரண்டரைக்கு 14416 அழைத்தேன். மத்திய அரசு 2022 அக்டோபர் 10, உலக மனநல நாள் அன்று தொடங்கிய டெலி மனஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனை சேவை இது. தமிழில் பேசலாம், காசு கிடையாது, ராத்திரி பகல் எந்நேரமும் கூப்பிடலாம்.

எடுத்த பெண் என்னை "அக்கா" என்றார். நான் என் கதையைக் கொட்டி முடித்ததும் அவர் கேட்டது: "வீட்டில யார் யார் இருக்கீங்க? அம்மா யார் பக்கத்துல படுக்குறாங்க? சமையல் அவங்க செய்றாங்களா, செய்ய விடுறீங்களா?" அப்புறம் கொஞ்சம் நிறுத்தி, "அப்பா தவறினப்போ அம்மா நல்லா அழுதாங்களா அக்கா?"

எனக்குப் பதில் வரவில்லை. அம்மா அழவில்லை. அருப்புக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊரில் என்றால் பொம்பளைகள் கட்டிப்பிடித்து, வட்டமாக உட்கார்ந்து ஒப்பாரி வைத்திருப்பார்கள். அப்பா இறந்தது இங்கே, மூன்றாவது மாடியில். கீழ்வீட்டுப் பையனுக்கு மறுநாள் பிளஸ் டூ பரீட்சை. "சத்தம் போடாதீங்க" என்று சொன்னதே நான்தான். மாலைக்குள் தத்தனேரி சுடுகாட்டுக்குக் கொண்டு போய்விட்டோம்.

எப்போதிலிருந்து படபடப்பு என்று அவர் கேட்டபோது இன்னொன்றும் நினைவு வந்தது. மாமா மகளுக்கு வளைகாப்பு. அம்மா அந்தப் பிள்ளைக்கு அத்தை. முன்னால் நின்று வளையல் அடுக்கியிருக்க வேண்டியவள். வளையல் எல்லாம் வாங்கிக்கொண்டு வந்தவள், சபைக்கு வராமல் பின்கட்டில் அரிசிமூட்டை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "நான் நிக்கக்கூடாது தாயி." யாரும் போகச் சொல்லவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை. அன்று ராத்திரிதான் முதல் ஈசிஜி.

துக்கம் உடம்பு வழியாகவும் பேசும், அம்மா சொல்வது பொய் இல்லை என்றார் அந்தப் பெண். மாவட்ட அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போகச் சொன்னார். சொந்தக்காரர்களில் அம்மா யார் பேச்சைக் கேட்பார் என்றும் கேட்டார். மாமா.

மாமாவிடம் சொன்னதும் "நம்ம குடும்பத்துல யாருக்கும் அப்படி கிடையாது. வெளிய தெரிஞ்சா உன் மகளுக்கு நாளைக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டாமா?" என்றார். அத்தை ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப் போகலாம் என்றார். அந்த ஊர்ப் பெயரைக் கேட்டாலே எனக்கு 2001 ஆகஸ்ட்தான் நினைவுக்கு வரும். கால் சங்கிலியோடு ஓட முடியாமல் மனநலக் காப்பகத் தீயில் 28 பேர் செத்தது. அத்தையைத் திட்ட மனமில்லை, அவருக்குத் தெரிந்த வைத்தியம் அது. மறுபடி 14416 போட்டு ஸ்பீக்கரில் மாமாவைப் பேச வைத்தேன். எடுத்தவர் வேறு ஆள், பொறுமையாகக் கேட்டார். சாமி கும்பிடுவதை விட வேண்டாம், மாத்திரையும் வேண்டும் என்றார். வளைகாப்புப் பேச்சு வந்ததும் மாமா ஒன்றும் சொல்லாமல் எழுந்து திண்ணைக்குப் போனார்.

அரசு மருத்துவமனையில் குறை உண்டு. இரண்டு மணி நேர வரிசை. டாக்டர் கேள்வி கேட்கும்போது அடுத்த நோயாளி தோளுக்குப் பின்னால் நிற்கிறார். "சாகணும்னு தோணுதாம்மா?" என்பதை நாலு பேர் காதுபட ஒரு கிராமத்துப் பொம்பளையிடம் கேட்டால் என்ன பதில் வரும்? அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள். ஒரு திரைச்சீலை போதும், அதையாவது போடுங்கள். மருந்து இலவசம். வேலை செய்ய இரண்டு மூன்று வாரம் ஆகும், தேறியதும் நீங்களாக நிறுத்தாதீர்கள் என்று டாக்டர் விளக்கமாகவே சொன்னார்.

பத்து நாள் ஊரில் கொண்டு போய் விட்டோம். பெரியம்மா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒப்பாரியை எடுத்துக் கொடுக்க, அம்மா அப்பாவின் பெயர் சொல்லிப் பாடி அழுதாளாம். நான் அங்கே இல்லை, கேட்டதுதான். உடம்பு எரிச்சல் இன்னும் முழுதாகப் போகவில்லை. ஐந்து மணி நேரம் தூங்குகிறாள், சாம்பார் அவள்தான் வைக்கிறாள். மாமா வீட்டில் பேத்திக்குத் தொட்டில் போட்ட அன்று, பின்கட்டுக்குப் போகப் பார்த்தவளை மாமா கையைப் பிடித்துக் கூட்டி வந்து குழந்தையை அவள் மடியில் வைத்தார்.

யாராவது கூப்பிடுவதாக இருந்தால்: 14416. அது கிடைக்காவிட்டால் 1800 891 4416. நோயாளிக்காக வீட்டில் இருப்பவர்களும் பேசலாம், நான் பேசியது அப்படித்தான். முடிந்தால் வீட்டுப் பெரியவர் ஒருவரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

புதன்கிழமை அம்மாவுக்கு மறுபடி ஓபி. இந்த முறை மாமா கூட்டிப் போகிறார்.