சுகர் மாத்திரைக்குத் துணையாக எந்தச் சத்து மாத்திரை?

பெரியம்மாவின் மாத்திரை டப்பாவை மேசையில் கவிழ்த்தேன். நான்கு அட்டை, ஒரு பாட்டில். ஓர் அட்டை சுகருக்கான மெட்ஃபார்மின், பன்னிரண்டு வருடமாகச் சாப்பிடுகிறார். மற்றதெல்லாம் அவர் கணக்கில் ‘சத்து மாத்திரை’: பி காம்ப்ளெக்ஸ் காப்ஸ்யூல், மருந்துக் கடையில் ‘நரம்புக்கு’ என்று கொடுத்த மாத்திரை, வாரம் ஒன்று போடும் வைட்டமின் டி, அண்ணன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த குரோமியம்.

“எல்லாம் சத்துதானேடா, போட்டா என்ன கெட்டுப்போகுது?” என்றார்.

நான்கையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்க முடியாது. சுகர் மருந்தோடு நேரடித் தொடர்பு உள்ளது பி12 வைட்டமினுக்கு மட்டும்தான். சிறுகுடலின் கடைசிப் பகுதியில் பி12-ஐ உள்ளே இழுத்துக்கொள்ளக் கால்சியம் வேண்டும். அந்த இடத்தில் மெட்ஃபார்மின் குறுக்கிடுகிறது என்பதுதான் பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். கல்லீரலில் சில வருடங்களுக்கான இருப்பு இருப்பதால் குறை உடனே தெரியாது. டோஸும் வருடமும் ஏற ஏற ஆபத்து கூடும். பெரியம்மாவைப் போல முட்டைகூடத் தொடாதவர்களுக்கும், வயிற்றெரிச்சலுக்குப் பான்டோபிரசோல் மாதிரி மாத்திரையை வருடக்கணக்கில் போடுகிறவர்களுக்கும் இன்னும் சீக்கிரம் வரும். மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவருக்கு ரத்தசோகையோ பி12 குறையின் அறிகுறியோ தெரிந்தால் அளவைச் சோதிக்க வேண்டும் என்று பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022-இல் மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியது.

இதில் சிக்கல் என்னவென்றால், பி12 குறைந்தாலும் பாதம் எரியும், மதமதக்கும். சுகரால் நரம்பு கெட்டாலும் அதேதான். பழி பெரும்பாலும் சுகர் மேலேயே விழுகிறது.

சரி, பி12 வேண்டுமென்றால் எந்த வடிவில்?

பி காம்ப்ளெக்ஸ் காப்ஸ்யூலின் பின்பக்கம் படித்தேன். பி12 15 மைக்ரோகிராம். ஒரு நாளைக்கு நமக்குத் தேவை இரண்டு, இரண்டரைதான், அதனால் 15 தாராளம் என்று தோன்றும். ஆனால் வழக்கமான வாசலில்தானே மெட்ஃபார்மின் நிற்கிறது? அந்த வாசலை நம்பாமல் தானாகக் கசிந்து உள்ளே போவது விழுங்கியதில் சுமார் 1 சதவீதம். 15-இல் அது 0.15. தனி பி12 மாத்திரையில் 1000 இருந்தால் 10 மைக்ரோகிராம் போய்ச் சேரும். ஏற்கெனவே குறை உள்ளவருக்குப் பி காம்ப்ளெக்ஸ் போதாது என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

பி12-இலேயே மெத்தில்கோபாலமினா, சயனோகோபாலமினா என்று கடையில் ஒரு சண்டை நடக்கும். முன்னது ‘நேரடியாக வேலை செய்யும்’ என்று கூடுதல் விலைக்கு விற்பார்கள். உடம்பு இரண்டையுமே செல்லுக்குள் பிரித்துத் தனக்கு வேண்டிய வடிவில் மாற்றிக்கொள்கிறது. என் ஓட்டு மலிவானதற்கு. ஊசி, நடை தள்ளாடும் அளவுக்கு நரம்பு பாதித்தவர்களுக்கும், வயிறு எதையும் ஏற்காதவர்களுக்கும். முதலில் அடிக்கடி போட்டுவிட்டுப் பிறகு மாதம் ஒன்றுக்கு வருவார்கள். மற்றவர்களுக்கு அதிக டோஸ் மாத்திரையே பெரும்பாலும் அளவை ஏற்றிவிடும்.

‘நரம்பு மாத்திரை’தான் என்னைக் கவலைப்பட வைத்தது. அட்டையின் முன்பக்கம் பெரிய எழுத்தில் மெத்தில்கோபாலமின். அதற்குக் கீழே பிரிகாபலின் 75 மி.கி. பிரிகாபலின் வைட்டமினே இல்லை. நரம்பு வலிக்கான மருந்து; தூக்கம் வரும், தலை சுற்றும், சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு டோஸைக் குறைக்க வேண்டும். பெரியம்மா இரவில் பாத்ரூமுக்கு எழுந்தபோது இரண்டு தடவை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதாகச் சொன்னது அப்போதுதான் உறைத்தது. அதற்காகத் தானாகத் தூக்கியெறியவும் கூடாது. சில நாள் சாப்பிட்ட பிரிகாபலினைச் சட்டென்று நிறுத்தினால் வேறு தொல்லை. டாக்டரிடம் கேட்டுத்தான் குறைக்க வேண்டும்.

இன்னொரு வகைக் கலவையில் ஃபோலிக் அமிலமும் பி6-உம் சேர்ந்திருக்கும். பி12 குறை இருக்கும்போது ஃபோலிக் அமிலத்தை மட்டும் ஏற்றினால் ரத்தசோகை சரியானது போலக் காட்டும், நரம்பு உள்ளே கெட்டுக்கொண்டே போகும். பி6 அளவு மீறி நீண்ட நாள் போனால் அதுவே நரம்பைக் கெடுக்கும். சுகரால் சிறுநீரகம் பாதித்த 238 பேருக்குக் கனடாவில் ஒரு சோதனை நடந்தது, 2010-இல் முடிவு வந்தது. ஃபோலிக் அமிலம் 2.5 மி.கி., பி6 25 மி.கி., பி12 1 மி.கி. சேர்த்துக் கொடுத்தார்கள். சிறுநீரகம் தேறும் என்று எதிர்பார்த்தால், வைட்டமின் சாப்பிட்டவர்களுக்குத்தான் இன்னும் வேகமாகத் தளர்ந்தது. மாரடைப்பு, பக்கவாதமும் கூடின. மூன்றில் எது காரணம் என்று பிரிக்க வழியில்லை. பெரியம்மாவின் கேள்விக்கு என்னிடம் இருந்த பதில் இதுதான்.

வைட்டமின் டி-க்கு வருவோம். குறை இருந்தால் எலும்புக்கு வேண்டும், அதில் தகராறு இல்லை. சுகரைக் குறைக்கும் என்று போட்டால் ஏமாற்றம். சுகர் எல்லையில் நின்ற 2,423 பேரில் பாதிப் பேருக்கு அமெரிக்காவில் தினம் 4,000 யூனிட் கொடுத்துப் பார்த்தார்கள். 2019-இல் வந்த முடிவு: நோய் வருவது குறிப்பிடும்படி குறையவில்லை. நம் ஊரில் கிடைக்கும் 60,000 யூனிட் காப்ஸ்யூல் வாரத்துக்கு ஒன்று. தினம் என்று தவறாகப் புரிந்துகொண்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், சிறுநீரகச் சேதம் வரை போகும். பெரியம்மா அட்டையில் பேனாவால் ‘ஞாயிறு’ என்று எழுதி வைத்திருந்தார். அதற்கு ஒரு சபாஷ்.

குரோமியம் பாட்டிலுக்கு இரண்டு வரி போதும். 2005-இல் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ பாட்டிலில் போட அனுமதித்த வாசகமே, சுகருக்கும் இதற்கும் உள்ள தொடர்பு ‘மிகவும் நிச்சயமற்றது’ என்பதுதான். அண்ணனிடம் நான் சொல்லவில்லை.

மெக்னீசியம் அவரிடம் இல்லை, ஆனால் பலர் கேட்கிறார்கள். சுகர் கட்டுக்கடங்காமல் இருந்தால் சிறுநீரில் மெக்னீசியம் வெளியேறுவது உண்மை. சோதித்துக் குறை தெரிந்தால் போடலாம். வயிற்றை இளக்கும். மெட்ஃபார்மினே அந்த வேலையைச் செய்கிற வீட்டில் இது இரட்டைத் தொல்லை. சிறுநீரகம் தளர்ந்தவர்கள் கேட்காமல் தொடவே கூடாது.

பெரியம்மாவுக்கு ரத்தத்தில் பி12 பார்த்தோம். ஒரு மில்லி லிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே வந்தால் குறை என்று கொள்வார்கள், அவருக்கு 168. பி காம்ப்ளெக்ஸ் சாப்பிட்டுக்கொண்டே 168! டாக்டர் 1000 மைக்ரோகிராம் தனி மாத்திரை எழுதினார், பிரிகாபலினைப் படிப்படியாகக் குறைக்கச் சொன்னார், மூன்று மாதம் கழித்துத் திரும்பவும் பார்ப்போம் என்றார். கூடவே தைராய்டு டெஸ்டும் எழுதினார்.

கிளம்பும்போது கைப்பையில் கண்ணாடியைத் தேடியவர், கூடவே ஓர் அட்டையையும் வெளியே எடுத்தார். முடி கொட்டுவதற்குப் பக்கத்து வீட்டு அக்கா சொன்ன பயோட்டின், 10 மி.கி. தைராய்டு டெஸ்டையே தப்பாகக் காட்டவைக்கக்கூடியது அது. திரும்பவும் டாக்டர் அறைக் கதவைத் தட்டினோம்.